தெரிந்த கடையில் தெரியாத சாப்பாடு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் சாப்பாட்டுக் கடை பற்றியவைதான் கூடுதல். அதனால் அரசியலையும் கிரிக்கெட்டையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். பசியோடு வாசிக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் தெருமுனையில் ஒரு கொத்துக் கடை. முட்டைக் கொத்து, கோழிக் கொத்து, பராட்டா, பருப்புக்கறி, இவ்வளவுதான் அங்கே கிடைக்கும், அதற்காகத்தான் நாங்களும் போவோம். இப்போது திடீரென்று பலகையில் 'கணவாய் மைக்கறியும் பிட்டும்' என்று எழுதியிருக்கிறார்கள். பக்கத்து மேசையில் ஒருவர் சாப்பிட்டதைப் பார்த்தேன், கறி தார் மாதிரிக் கறுப்பு. ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. கேட்கலாமா? (கல்லடி வாசகர்)

பதில்: கேளுங்கள். ஆனால் கதிரையை இழுத்துப் போட்டதுமே ஓடர் கொடுத்துவிடாமல் இரண்டு விஷயத்தை விசாரியுங்கள். அதற்கு முன் அந்தக் கறுப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

கணவாயின் உடம்புக்குள் ஒரு சின்ன மைப்பை இருக்கிறது. பெரிய மீன் துரத்தினால் மையைத் தண்ணீரில் பீச்சிவிட்டு அந்தக் கலங்கலுக்குள் தப்பி ஓடிவிடும். மையின் கறுப்பு மெலனின், நம்முடைய தலைமயிரிலும் தோலிலும் இருக்கிற நிறமிதான். நஞ்சு கிடையாது. ஸ்பெயினிலும் இத்தாலியின் கடற்கரை ஊர்களிலும் இதை விட்டுச் சோறே சமைக்கிறார்கள், நம்முடைய ஆக்கள் பார்த்தால் அடிப்பிடித்த சோறு என்று சட்டியைக் கழுவப் போட்டுவிடுவார்கள். நம்மிடம் பெரும்பாலான வீடுகளில் மைப்பையைக் கிள்ளி எறிவது ருசி கெட்டுவிடும் என்பதற்காக அல்ல. கை கறுக்கும், சட்டி கறுக்கும், பிள்ளைகள் பார்த்துவிட்டு எனக்கு வேண்டாம் என்பார்கள், அவ்வளவுதான். மையோடு ஆக்குகிற வீடுகளும் கரையோரத்தில் உண்டு. மையில் குளுட்டமிக் அமிலம் இருப்பதால் கறிக்கு நின்று பிடிக்கிற ஒரு ருசி வரும், கொஞ்சம் உப்பும் தன்பாட்டில் இருக்கும். பழக்கமில்லாத கை அதை மறந்து உப்பைக் கூட்டிவிடும். ஓட்டுக்கணவாய் என்றால், அதுதான் கூட்டுக் கிளிகளுக்குக் கொத்தக் கொடுக்கிற வெள்ளை ஓடு உள்ளே இருக்கிற கணவாய், அதில் மை தாராளம். ஊசிக்கணவாயில் குறைவு.

இனி விசாரிக்க வேண்டியவை. முதலாவது, கணவாய் எப்போது வந்தது. நீங்கள் இருப்பது கல்லடியில், கடல் நடந்து போகிற தூரம், அதனால் இந்தக் கேள்விக்குக் கடைக்காரர் தடுமாறக் கூடாது. "இன்றைக்கு வந்ததா?" என்று கேட்டால் ஒருவர் "ஓம், காலையில வந்தது" என்பார், இன்னொருவர் "இல்லை மனே, நேற்று வாங்கி ஐஸில் போட்டது" என்பார். இரண்டுமே நல்ல பதில், ஐஸில் ஒழுங்காக இருந்த நேற்றைய கணவாய் ஒன்றும் செய்யாது. எங்கேயோ பார்த்துக்கொண்டு "அதெல்லாம் ஃபிரெஷ்தான்" என்று சொல்கிறவரிடம் பேசாமல் முட்டைக் கொத்தையே கேளுங்கள்.

இரண்டாவது, யார் ஆக்குகிறார்கள், எப்படி ஆக்குகிறார்கள். கணவாயைப் பெரிய நெருப்பில் இரண்டு மூன்று நிமிடம் பிரட்டி எடுத்தால் மெத்தென்று இருக்கும். சின்ன நெருப்பில் அரை மணிக்கு மேல் வேகவிட்டாலும் மெதுவாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் இறக்கினால் றப்பர்தான், தாடை நோகும். கொத்துக் கடைக்காரரின் கை பெரிய நெருப்புக்கும் வேகத்துக்கும் பழகிய கை, அந்த முதல் வகைச் சமையல் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஓடர் வந்த பிறகு அடுப்பில் இருக்கிற கொத்துத் தட்டில் கணவாயைப் போட்டு, கடைசியில் மையும் கட்டித் தேங்காய்ப்பாலும் விட்டு இறக்குகிறார் என்றால் பயப்படாமல் இருந்து சாப்பிடலாம். வீட்டில் ஆக்கிக் கொண்டுவந்து கேட்கக் கேட்கச் சூடாக்கித் தருகிறார்கள் என்றால் கடை திறந்த கையோடு போங்கள், இரவு ஒன்பதரைக்குப் போகாதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு இதுதான்: ஒரு கடை புதிதாக என்ன போட்டாலும், அது அந்தக் கடையின் கை பழகிய வேலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஓரடி தூரம் என்றால் கேட்டுவிடுங்கள். அதே கொத்துக் கடையில் நாளைக்கு பீட்ஸா என்று எழுதியிருந்தால் பலகையை வாசித்துவிட்டு வழக்கமானதைச் சாப்பிட்டு வாருங்கள்.

சாப்பிடும்போது கறியைப் பிட்டின்மேல் ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். ஓரத்தில் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழையுங்கள், ஒரு துண்டு தேசிக்காய் கேட்டு வாங்குங்கள், மைக்குப் புளி வேண்டும். வெள்ளைச் சேட்டோடு போகாதீர்கள். பல்லும் நாக்கும் கறுத்திருக்கும், கொப்பளித்தால் போய்விடும். மறுநாள் காலையில் கழிவறையில் கறுப்பாகப் போனாலும் பதறிக்கொண்டு போதனா வைத்தியசாலைக்கு ஓட வேண்டாம், முதல்நாள் என்ன சாப்பிட்டோம் என்று நினைத்துப் பாருங்கள். இறால், நண்டு சாப்பிட்டால் உடம்பு தடிக்கிறவர்கள் மட்டும் இதைத் தொடக் கூடாது, கணவாயும் அவர்களில் சிலருக்கு அதே வேலையைக் காட்டும்.

கேள்வி: டொல்பின் கொத்தில் மெய்யாகவே டொல்பின் போடுகிறார்களா? கேட்க வெட்கமாக இருக்கிறது. (வந்தாறுமூலை வாசகி)

பதில்: இல்லை தங்கச்சி. டொல்பினைப் பிடிப்பதே இலங்கையில் சட்டப்படி குற்றம். ரொட்டியைப் பொடியாக அடிக்காமல் பெரிய துண்டாக விட்டு, உறைப்பான கறியைத் தாராளமாக விட்டு ஈரமாகப் பிரட்டியதைத்தான் அநேகமான கடைகளில் அந்தப் பெயரில் தருகிறார்கள், கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். அதே பலகையில் இருக்கிற மொங்கோலியன் ரைஸும் மொங்கோலியாவிலிருந்து வந்ததல்ல. வெட்கப்படாமல் எதையும் கேளுங்கள், கடைக்காரருக்கே பாதி தெரியாது.

கேள்வி: சாய்ந்தமருதில் நான் பள்ளிக்கூடக் காலம் தொட்டுப் போகிற ஒரு புரியாணிக் கடை. இப்போது வெள்ளிக்கிழமைகளில் அங்கே மந்தி போடுகிறார்கள், கூட வருகிறவர்கள் எல்லாரும் அதையே கேட்கிறார்கள். எனக்கு அது வெறும் சோறும் அவித்த கோழியுமாகத்தான் தெரிகிறது. நம்முடைய புரியாணி இருக்க இந்த அரபுச் சாப்பாடு நமக்கு எதற்கு? (காரைதீவு வாசகர்)

பதில்: 'எதற்கு' என்பதை முதலில் முடித்துவிடுவோம். அதே கடையில் நீங்கள் எத்தனையோ முறை பராட்டா சாப்பிட்டிருப்பீர்கள். கோதுமை நம்முடைய வயலில் விளைகிற சாமானா? கப்பலில் வந்து இறங்கி, திருகோணமலை சீனக்குடாவில் 1980இல் தொடங்கிய பிறீமா ஆலை மாதிரி இடங்களில் அரைபட்டுத்தான் நம்முடைய தட்டுக்கு வருகிறது. நீங்கள் சொல்கிற புரியாணியின் பாசுமதியும் அப்படித்தான். சுற்றிவர நெல் வயலை வைத்துக்கொண்டு, புரியாணி என்றதும் பாகிஸ்தான் அரிசி தேடுகிற ஆக்கள் நாம். ஆகவே வந்த சாப்பாடு என்ற ஒரே காரணத்துக்காக மந்தியை விரட்ட முடியாது. ருசியில்லை என்றால் விரட்டலாம், அது வேறு விஷயம், அதைப் பார்ப்போம்.

மந்தி யெமன் நாட்டின் ஹளரமௌத் பக்கத்துச் சாப்பாடு. நிலத்தில் குழியாக இறக்கிய அடுப்பு, அடியில் தணல், அதன்மேல் சோற்றுப் பாத்திரம், அதற்கும் மேலே இறைச்சியைத் தொங்கவிட்டோ கம்பித் தட்டில் வைத்தோ வாயை இறுக மூடிவிடுவார்கள். இறைச்சியின் கொழுப்பும் சாறும் சொட்டுச் சொட்டாகச் சோற்றில் விழுந்துகொண்டே இருக்கும். சோற்றின் ருசி அதிலிருந்தும் புகையிலிருந்தும் வருகிறது, மசாலாவின் பங்கு கொஞ்சம்தான். நீங்கள் புரியாணிக்குப் பழகிய நாக்கோடு போய் இருந்து ஏலமும் கராம்பும் நெய்யும் தேடினால் வெறும் சோறாகத்தான் தெரியும். கப்ஸா என்று இன்னொன்றும் எழுதியிருப்பார்கள். அது சவூதிப் பக்கம் கூடுதல், இறைச்சி அவித்த தண்ணீரிலேயே சோறு வேகும், காயவைத்த எலுமிச்சை போடுவார்கள். புரியாணிக்காரருக்கு முதலில் கப்ஸா பிடிக்கும், மந்தி பிறகுதான் பிடிக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது அந்தக் கடையின் கை. காரைதீவைச் சுற்றியிருக்கிற ஊர்களிலிருந்து சவூதிக்கும் கட்டாருக்கும் போய், அங்கே சமையலறையில் நின்று உழைத்துவிட்டு வந்தவர்கள் கனபேர். அப்படி ஒருவர் அந்தக் கடை அடுப்படியில் நிற்கிறார் என்றால் மந்தி உங்களுக்குத்தான் புதிது, அவருக்கு அது பழைய வேலை. கேட்டுப் பாருங்கள், "எங்க காக்கா பழகின?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், ரியாத்திலிருந்து ஜித்தா வரைக்கும் கதை வரும், சாப்பாடும் கொஞ்சம் கூட வரும்.

குழி அடுப்பு கட்டிய கடைகள் நம்முடைய பக்கத்தில் குறைவு. மற்றக் கடைகளில், சோறு பதமானதும் நடுவில் ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்து, அதில் தணல் துண்டொன்றைப் போட்டு, மேலே கொஞ்சம் எண்ணெய் விட்டதும் பாத்திரத்தை மூடிவிடுவார்கள். எழும்புகிற புகை சோற்றில் ஏறும். இதை மனம் வைத்துச் செய்தார்களா என்பது மூடியைத் திறக்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். மஞ்சள் நிறம் மட்டும் இருந்து புகை மணம் இல்லையென்றால் உங்கள் சந்தேகம் சரி, அது அவித்த கோழியும் சோறும்தான், காசை மிச்சம் பிடியுங்கள்.

ஜும்ஆ முடிந்து கூட்டம் வருகிற நேரத்துக்குப் போங்கள், பாத்திரம் அப்போதுதான் திறப்பார்கள். பெரிய தட்டில் நாலைந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடுவது அதன் வழக்கம், சஹன் சாப்பாடு கண்ட ஊர்களுக்கு அது புதிதல்ல. தனியாகப் போனால் தனிப் பிளேட் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பக்கத்தில் தக்காளியும் பச்சைமிளகாயும் அரைத்த சம்பல் ஒன்று வைப்பார்கள், அதை ஒதுக்கி வைக்காதீர்கள், முழுச் சாப்பாட்டின் உறைப்பும் அதில்தான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடையில் வடைக்குப் பக்கத்தில் இப்போது அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டாச்சம்பலும் வைக்கிறார்கள். நல்ல ருசி. பார்சல் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், கிழங்கோடு குடிக்க இஞ்சித் தேத்தண்ணி கேட்டேன். மாமி கிழங்குப் பார்சலையே பறித்துவிட்டார், "இரண்டும் சேர்ந்தால் நஞ்சு மருமகன்" என்கிறார். மெய்யா? (களுவாஞ்சிகுடி வாசகர்)

பதில்: மாமி சொன்னதில் நஞ்சு என்பது மெய், அது இஞ்சியால் வருகிறது என்பதுதான் சரியில்லை. மரவள்ளியில் லினமரின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டும்போதும் நசுக்கும்போதும் கிழங்கிலேயே இருக்கிற நொதியம் அதை உடைக்க, கடைசியில் ஹைட்ரஜன் சயனைட் வெளிவரும். இஞ்சி இல்லாத வீட்டிலும் ஒழுங்காக அவிக்காத மரவள்ளி ஆளைப் படுக்கப் போடும். வெளித்தோலோடு உள்ளே இருக்கிற தடித்த தோலையும் உரித்து, துண்டு துண்டாக வெட்டி, நிறையத் தண்ணீரில் மூடி போடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றிவிட வேண்டும். வடித்த தண்ணீரில் சொதி வைக்கிற சிக்கனம் எல்லாம் இதில் வேண்டாம். கசக்கிற கிழங்கு எந்தக் கடையில் கிடைத்தாலும் துப்பிவிடுங்கள். உங்கள் கடைக்காரர் மூடி போட்டு அவிக்கிறாரா, திறந்து அவிக்கிறாரா என்று ஒருநாள் பின்பக்கம் எட்டிப் பாருங்கள், மாமியிடம் சொல்லவும் ஒரு கதை கிடைக்கும்.

வாதாடப் போக வேண்டாம், வெல்ல மாட்டீர்கள். இஞ்சித் தேத்தண்ணியைக் கடையிலேயே குடித்து முடித்துவிட்டுக் கிழங்கோடு வீட்டுக்குப் போங்கள்.

கேள்வி: வழக்கமாகக் கோழி மட்டும் சமைக்கிற ஒரு கடையில் புதிதாக சூரை மீன் பொரித்து ரைஸோடு தந்தார்கள். நானும் தம்பியும் சாப்பிட்டோம். எழும்பி வருவதற்குள் இருவருக்கும் முகம் சிவந்து, தலையிடி, உடம்பெல்லாம் கடி. இவ்வளவு காலமும் மீன் எங்களுக்கு ஒன்றும் செய்ததில்லை. இனி மீனை விட்டுவிட வேண்டுமா? (வாழைச்சேனை வாசகர்)

பதில்: மீன்பிடித் துறைமுகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீனை விடுவதா? அவசரப்படாதீர்கள். ஒரே தட்டு மீனைச் சாப்பிட்ட இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்கிறது என்பதால் பிழை பெரும்பாலும் உங்கள் உடம்பில் இல்லை, மீனில் இருந்திருக்கிறது. சூரை, கெலவல்லா மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் கூடுதல். பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் சூட்டில் கிடந்தால் பக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒவ்வாமை வந்தால் நம்முடைய உடம்பு சுரக்கிற அதே ஹிஸ்டமின் இங்கே மீனிலிருந்தே நேராக வருகிறது, அதனால்தான் பார்க்க ஒவ்வாமை மாதிரியே இருக்கும். இதில் கெட்ட விஷயம், எவ்வளவு முறுகப் பொரித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. மீன் பார்க்க நன்றாகவே இருக்கும், மணமும் பெரிதாக மாறியிருக்காது, சிலருக்கு மட்டும் நாக்கில் மிளகு பட்டதுபோல் சுணைக்கும். அப்படிச் சுணைத்தால் அந்த வாயோடு நிறுத்திவிடுங்கள்.

பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணிந்துவிடும், ஆனால் மூச்சு இழுத்தாலோ தலை சுற்றி விழப் பார்த்தாலோ வீட்டில் இருந்து யோசிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மீன் ஒவ்வாமை இல்லை என்பதையும் வைத்தியர் வாயாலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள், என் பத்தி மருந்துச்சீட்டு அல்ல. கடைக்காரருக்கு அமைதியாகச் சொல்லுங்கள். திரும்பவும் நடந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். கோழிக்குப் பழகிய கடைக்கு மீனை ஐஸில் பார்க்கிற பழக்கம் இருக்கவேண்டிய கட்டாயமில்லை, மலிவாக வந்த நாளில் பெட்டியோடு வாங்கிப் போட்டிருப்பார்கள். மேலே கல்லடிக்காரருக்குச் சொன்ன தூரக் கணக்கு இங்கேதான் காசை விடப் பெரிய விஷயத்தைக் காப்பாற்றும்.

கேள்வி: புதிதாக வந்த ஒன்றைக் கேட்டுச் சாப்பிட்டேன், எனக்குப் பிடிக்கவில்லை. காசு முழுதும் வாங்கிவிட்டார்கள். நியாயமா? பலகையில் விலையும் போட்டிருக்கவில்லை. (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: பிடிக்காதது உங்கள் நாக்கின் விஷயம், காசு கொடுக்கத்தான் வேண்டும். வேகாதது, பழுதானது, மயிர் கிடந்தது என்றால் கடையின் விஷயம், அதைப் பாதி தின்ற பிறகு சொல்லாமல் கண்டவுடன் சொல்ல வேண்டும். விலை போடாமல் விட்டது மட்டும் தெளிவான பிழை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் விலையைக் கண்ணுக்குப் படும்படி வைக்கச் சொல்கிறது, முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கமும் இருக்கிறது. தெரிந்த கடைக்கு அந்த இலக்கத்தை அடிக்க மனம் வராது, எனக்கும் வராது. ஆகவே ஓடர் கொடுக்கும்போதே "எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள், அதிலும் நண்டு, பெரிய இறால் என்றால் இரண்டு தரம் கேளுங்கள். மானம் போகாது.

முதல் தரம் ஒன்றைக் கேட்கும்போது பார்சல் கட்டாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தட்டிலிருந்து இறங்கியதும் நன்றாக இருக்கிற கொத்து, லஞ்ச் சீற்றுக்குள் வியர்த்து, வீட்டுக்கு வரும்போது களியாகிவிடும். நீங்கள் கடையைத் திட்டுவீர்கள்.

கேள்வி: நான் மச்சம் தொடுவதில்லை. நான் போகிற சைவக்கடையில் முந்திரிக்கொட்டைப் பால்கறி புதிதாகப் போட்டிருக்கிறார்கள். மற்றக் கறிகளின் விலையைவிட எவ்வளவோ கூட. கொள்ளையா? (ஏறாவூர்ப்பற்று வாசகி)

பதில்: பச்சைக் கொட்டையில் ஆக்கினது என்றால் கொள்ளை இல்லை. மரமுந்திரிகைக் கோதில் இருக்கிற எண்ணெய் தோலைப் பொள்ள வைக்கும், பச்சையாக இருக்கும்போது அதைப் பிளந்து பருப்பை எடுப்பவரின் கையைப் பார்த்தால் விலை கேட்க மாட்டீர்கள். காய்ந்த கஜுவை ஊறவைத்துத்தான் ஆக்கியிருக்கிறார்கள் என்றால் கொஞ்சம் முறைத்துப் பார்க்கலாம். பச்சைக் கொட்டை கடித்தால் மெதுவாக, இலேசான இனிப்போடு இருக்கும், ஊறவைத்தது மாவுபோல உதிரும். கொத்துத் தட்டு உள்ள கலப்புக் கடைகளில் சைவக் கொத்து கேட்கிறீர்கள் என்றால், அதே தகட்டில்தான் கோழியும் முட்டையும் கொத்துகிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் கேட்கிற பக்கம் இல்லை, போடுகிற பக்கம். ஒலுவிலில் சின்னக் கடை. எங்கட உம்மா வைக்கிற புளியாணத்தை மத்தியானச் சோற்றோடு விற்கலாம் என்று பெரிய எழுத்தில் பலகையில் எழுதினேன். ஒருவரும் கேட்பதில்லை. வருகிறவர்கள் எல்லாம் ரைஸும் கொத்தும். எடுத்துவிடவா? (ஒலுவில் வாசகர்)

பதில்: எடுத்துவிட வேண்டாம் தம்பி, இடத்தை மாற்றுங்கள். மீன், புளி, பச்சைமிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை, வீட்டுக்கு வீடு தேங்காய்ப்பால் விட்டும் விடாமலும் ஆக்குகிற ஓர் ஆணத்தை, அதே ஆணம் வீட்டில் ஆறிக்கொண்டிருக்கிற உள்ளூர்க்காரர் உங்கள் கடைக்கு வந்து ஏன் காசு கொடுத்துக் குடிக்க வேண்டும்? அவருக்குக் கடை என்றால் வீட்டில் இல்லாதது. ஆனால் உங்கள் கடைக்குப் பக்கத்தில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்து போடிங்கில் இருக்கிற பிள்ளைகளுக்கு வீட்டுச் சாப்பாடுதான் வெளியில் கிடைக்காத சாப்பாடு. அவர்களுக்காகப் போடுங்கள். கிழமையில் ஒரே ஒரு நாள், அதுவும் நிலையான நாள், சின்னச் சட்டி, முடிந்தால் முடிந்ததுதான். மிஞ்சியதை இரவு கறியில் கலக்க வேண்டாம், கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்று, பலகையை நம்ப வேண்டாம். தெரிந்த கடைக்கு வருகிறவர் பலகையை வாசிப்பதில்லை, உள்ளே வரும்போதே "வழமையானது" என்று சொல்லிக்கொண்டு வருகிறார். வழமையான சோற்றோடு ஒரு சின்னக் கிண்ணத்தில் கேட்காமலே கொஞ்சம் வையுங்கள், காசு போடாதீர்கள், ஒன்றும் சொல்லாதீர்கள், எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் நின்று கேட்கவும் வேண்டாம். தமிழ் நாட்டுக்காரரோ யாழ்ப்பாணத்துக்காரரோ வந்தால் ரசமா என்று கேட்பார்கள், அடிக்க வேண்டாம், இன்னொரு அகப்பை விடுங்கள். மறுகா அவர்களாகவே கேட்பார்கள். உம்மாவுக்குப் பிந்தி யார் அதே கைப்பக்குவத்தில் வைப்பது என்பதையும் இப்போதே யோசித்துவையுங்கள், ஏனென்றால் ஒருநாள் அவர் சுகமில்லாமல் படுத்துவிட்டால் அன்றைக்கு வருகிற புதுச் சட்டியை வைத்துத்தான் கடையை எடைபோடுவார்கள்.

கேள்வி: முதலாளி புதிதாக எது செய்தாலும் முதல் பிளேட்டை என் மேசையில் கொண்டுவந்து வைத்து, "தின்னு பார் மச்சான்" என்று நிற்கிறார். நல்லாயில்லை என்று எப்படிச் சொல்வது? (ஆரையம்பதி வாசகர்)

பதில்: உப்பு, புளி, உறைப்பு என்று ஏதாவது ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள். "புளி கொஞ்சம் கூட" என்றால் அவர் அடுப்படிக்குப் போவார். "நல்லாயில்லை" என்றால் உங்களோடு கோபிப்பார். "சூப்பர் மச்சான்" என்று பொய் சொன்னீர்களோ, நாளைக்கும் அதையே தருவார்.

கேள்வி: நான் எந்தக் கடைக்குப் போனாலும் முட்டைக் கொத்துதான். மனைவி ஒவ்வொரு முறையும் பலகையில் புதிதாக இருப்பதைக் கேட்டுவிட்டு, நீங்களும் கேளுங்கோ என்று ஆக்கினை. புதிதாக ஒன்றும் வேண்டாம் என்பது குற்றமா? (செங்கலடி வாசகர்)

பதில்: இல்லை. ஆனால் அவருடைய பிளேட்டில் கை வைக்கக் கூடாது.